டின் நம்பர் எடுத்தால் வரி கட்ட வேண்டுமா?

லயத்து முன்னறையில் சின்னக் கடை போட்டவர்கள், தையல் மெஷின் வாங்கியவர்கள், திரீவீலர் ஓட்டுபவர்கள் என்று நம் தோட்டங்களில் சொந்தத் தொழில் தொடங்கியவர்கள் பலர். அவர்களிடம் டின் நம்பர் பற்றிப் பேச்செடுத்தால், "ஐயோ, அத எடுத்தா வரி கட்டச் சொல்லுவாங்களே!" என்கிறார்கள்.

டின் என்றதும் பால்மா டின்னை நினைக்க வேண்டாம். அது வரி செலுத்துநர் அடையாள இலக்கம். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் 9 இலக்க நம்பர். 18 வயதானவர்கள் இதற்குப் பதிய வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் உள்ள விதி.

நம்பர் இருப்பதாலேயே வரி வந்துவிடாது. 2025 ஏப்ரல் முதல் ஒருவருக்கு வருடம் 18 லட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. மாதத்துக்கு ஒன்றரை லட்சம். அதுவும் கல்லாவில் விழும் காசெல்லாம் வருமானமல்ல. சாமான் வாங்கிய காசு, வண்டிக்கூலி, கடைச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதுதான் கணக்கு. தோட்டச் சம்பளமும் எடுப்பவர் அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே பில்லுகளைத் தூக்கி வீசாதீர்கள்; ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

உண்மையில் பயந்து நம்பர் எடுக்காதவருக்குத்தான் நட்டம். வங்கி வட்டியில் நூற்றுக்கு 10 ரூபா வரியாகப் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாதவர் டின் நம்பரைப் போட்டு வங்கிக்குப் பிரகடனம் எழுதிக் கொடுத்தால் அந்தக் காசு பிடிபடாது.

பிரதேச செயலகத்தில் கிடைக்கும் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் வேறு, இது வேறு. தனியாள் கடைக்கு உரிமையாளரின் நம்பரே போதும். பங்குக்கு நடத்தினால் பங்கு வியாபாரத்துக்குத் தனி நம்பர் வேண்டும்.

அடையாள அட்டையுடன் இறைவரி அலுவலகத்திலோ, கம்பியூட்டர் மூலமோ பதியலாம். நம்பருக்குக் காசில்லை. "நான் எடுத்துத் தாறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம். கொமியூனிகேஷன் கடையில் பதிந்தாலும் கடைக்காரத் தம்பியின் போன் நம்பரைப் போட விடாமல் உங்களுடையதையே கொடுங்கள்.

இன்னொன்று, விலாசம். லயத்துக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீஸில் வாரக்கணக்கில் கிடப்பது நமக்குத் தெரிந்த கதைதானே! டிவிஷன் பெயரையும் லயத்து இலக்கத்தையும் சேர்த்தே எழுதுங்கள். திணைக்களத்துக் கடிதம் வந்தால், "நமக்குத்தான் வரி இல்லையே" என்று மடித்து வைக்காமல் வருமானம் இவ்வளவுதான் என்று பதில் கொடுக்க வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?