முதுகலையோடு நிறுத்துவதா, முனைவர் பட்டம் வரை செல்வதா?

தூத்துக்குடியின் உப்பளங்களிலும் துறைமுகத்திலும் உழைக்கும் தலித் குடும்பங்களின் பிள்ளைகள் இக்கேள்வியை எதிர்கொள்ளுமுன் விதிகளை அறிதல் வேண்டும். 2023 ஜூலை 1 முதல், உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்திற்கு முதுகலையுடன் நெட், செட் அல்லது ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி. முனைவர் பட்டம் கட்டாயமன்று. ஆனால் இணைப் பேராசிரியர் பதவிக்கு அது கட்டாயம். உயர்பதவிகளில் நம்மவர் அமர ஆய்வுப்பட்டம் தேவை.

ஆய்வுக்காலத்தில் குடும்பச் செலவுக்கு வழி? பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை முதல் ஈராண்டுகள் மாதம் ரூ.37,000, பின்னர் ரூ.42,000. அதற்கான தேர்வு நெட் வழியே நடைபெறுகிறது. எனவே முதுகலை இறுதியாண்டிலேயே நெட் எழுதுக. உதவித்தொகை கிடைத்தால் முழுநேர ஆய்வில் சேர்க. கிடைக்காவிடில் பணியிலிருந்தவாறே, யுஜிசியின் 2022 விதிகள் அனுமதிக்கும் பகுதிநேர ஆய்வைத் தொடர்க. கொலம்பியாவில் 1915இல் முதுகலை பெற்ற அம்பேத்கருக்கு, அங்கு முனைவர் பட்டம் 1927இல்தான் வழங்கப்பட்டது.