கேஸ் அடுப்பு: இணைப்பிலே கவனம்!

தாய்மார்களே!

வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. புகையில்லை, கண்ணெரிச்சல் இல்லை. நல்லதுதான். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தங்கும். குழந்தை தவழ்வதும் அங்கேதானே?

சிலிண்டரைத் தரையில் நிமிர்த்தி வையுங்கள். மூடிய அலமாரிக்குள் வேண்டாம். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்கட்டும். ரெகுலேட்டரை மாட்டியதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. "தீக்குச்சி கொளுத்திப் பாத்தா தெரிஞ்சிடுமே" என்பார்கள் சிலர். வேண்டவே வேண்டாம்! ரப்பர் குழாயை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வெடிப்பு கண்டால் உடனே மாற்றுங்கள்.

வாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. நம்மை எச்சரிக்கவே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். நாற்றம் அடித்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். சாமி விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு வெளியே போய் 1906க்குப் போன் செய்யுங்கள்.

ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடினோமா என்று ஒரு தடவை பாருங்கள்.