உஷார்! காணிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன்...

"உறுதி எடுத்துத் தாறன், இதில ஒரு கையெழுத்து மட்டும் வைங்க அக்கா" என்று யாராவது வாசலில் வந்து நின்றால் பேனாவைத் தொடாதீர்கள். மொனராகலை, பதுளைப் பக்கம் காணி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்கிறேன்.

2024இல் தொடங்கிய 'உறுமய' திட்டம், அரச அனுமதிப்பத்திரமும் அளிப்புப் பத்திரமும் வைத்திருப்போருக்கு முழு உரிமை உறுதி தருவதாக அறிவித்தது. நியாயமான உரிமைதான், மறுக்கவில்லை. ஆனால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் ஒரு காவல் போட்டிருந்தது. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அந்தக் காணியை விற்க முடியாது; மீறி விற்றால் செல்லாது. முழு உரிமை வந்ததும் அந்தக் காவல் போய்விடும். நுண்கடன் தவணைக்குத் தவிக்கும் வீட்டில், கடன்காரரின் கண் முதலில் விழுவது அந்த உறுதியில்தான்.

காகிதத்தால் காணி பறிபோவதை இந்த மண் ஏற்கெனவே பட்டிருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையை நிரூபிக்காத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. தலைமுறையாகச் சேனை வெட்டியவரிடம் காகிதம் ஏது? மலைநாட்டில் அப்படிப் போன நிலம் ஏக்கர் 5 ஷில்லிங்குக்குக்கூடத் துரைமாருக்கு விற்கப்பட்டது. 1897இன் தரிசு நிலச் சட்டம் மிச்சத்தையும் வளைத்தது. அந்த நிலங்களில் எழுந்த தோட்டங்களில் உழைக்க வந்தவர்கள்தாம் நம் பாட்டன், பாட்டிமார்.

தோட்டத்து லயத்தில் இருப்பவர்களே, உங்களுக்கு ஆபத்து வேறு விதம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பிறகு 53 வருடக் குத்தகை. அப்போதெல்லாம் உங்கள் பெயரில் ஒரு பேர்ச் கூட எழுதப்படவில்லை. வீட்டுக்குக் கடிதம் தருவார்கள், அட்டை தருவார்கள். அவை உறுதி ஆகா; நில அளவை வரைபடத்தில் துண்டு இலக்கமும் காணிப் பதிவகத்தில் பதிவும் உண்டா என்று பாருங்கள். அதற்காக எந்தத் தரகருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத அனுமதிப்பத்திரக் காணியில் மகனுக்கு முந்தின இடம் கொடுத்த பழைய விதி 2022இல் திருத்தப்பட்டது. "பொம்பிளப் பிள்ளைக்கு இல்லை" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மூலப் பத்திரத்தை ஒருவரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்காதீர்கள். சிங்களத்தில் எழுதிய தாள் என்றால், உங்கள் ஆள் ஒருவர் வாசித்துப் பொருள் சொல்லும்வரை கையெழுத்து வேண்டாம். சந்தேகம் வந்தால் நேரே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள். அயலாருக்கும் இன்றே சொல்லுங்கள்.