36 மாதம் கழித்து வர வேண்டிய பதில்

கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று சதைப் பரிசோதனையில் உறுதியானதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "கரண்ட் வைச்சா சரியாயிடுமா டாக்டர்?" என்பதுதான். கதிர்ச் சிகிச்சையைத்தான் கரண்ட் என்கிறார்கள். இந்த நிலையில் வந்தவர்களில் எத்தனை பேருக்குக் குணமாகியிருக்கிறது என்பதை டாக்டர் சொல்ல முடியும். எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த அம்மாவுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல முடியாது. ஒரே நிலையில் இருக்கும் இரண்டு கட்டிகளில் ஒன்று கதிருக்குக் கரைந்துபோகிறது. மற்றது மறுபடி தலைதூக்குகிறது.

அந்த வித்தியாசம் கட்டியின் மரபணுக்களிலேயே தெரிகிறதா என்று அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் தேடிப் பார்த்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பயன்பட்டது, சேமித்து வைத்திருந்த 25 பேரின் ஆர்.என்.ஏ. கதிர்ச் சிகிச்சை முடிந்து 36 மாதத்துக்கு மேல் நோயில்லாமல் இருந்தவர்கள் 15 பேர், சிகிச்சை பலிக்காதவர்கள் 10 பேர். சாயமேற்றிய ஆர்.என்.ஏ.வை மைக்ரோஅரே சில்லின் மேல் விட்டால், கட்டிக்குள் எந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறதோ அதற்குரிய புள்ளி கூடுதலாக ஒளிரும். இரண்டு தரப்பிலும் மாறுபட்டவற்றிலிருந்து 20 மரபணுக்களைப் பொறுக்கி, வேறொரு முறையில் சரிபார்த்து, கடைசியில் 7 மரபணுக்களை வைத்து ஒரு மதிப்பெண் போட்டார்கள். கதிர் மட்டுமே போதும் என்கிற நோயாளிகளைப் பிரித்தறிய இது உதவக்கூடும், ஆனால் இன்னும் நிறையப் பேரிடம் சோதித்தாக வேண்டும் என்று முடித்தார்கள்.

அந்த ஆய்வில் என் கண் போய் நிற்கும் இடம், அந்த 36 மாதம். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சில்லு சில நாட்களில் சொல்லிவிடும். அந்தப் பெண் பிழைத்தாரா என்பதைச் சொல்ல எந்தச் சில்லாலும் ஆகாது. அவர் மூன்று வருடம் விடாமல் ரிவியூவுக்கு வந்தால்தான் அந்தக் கட்டம் நிரம்பும்.

நெதர்லாந்தில் 2002-இல் 78 பெண்களின் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, நோய் பரவுமா என்று கணிக்க ஏறக்குறைய 25,000 மரபணுக்களிலிருந்து 70-ஐப் பிரித்தார்கள். அந்த 70-ஐ வைத்து ஐரோப்பாவில் 6,693 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. டாக்டரின் கணிப்பில் ஆபத்து அதிகம், மரபணுக் கணிப்பில் குறைவு என்றிருந்தவர்களில் கீமோ எடுத்துக்கொள்ளாதவர்களை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, 94.7 சதவீதம் பேருக்கு நோய் வேறு உறுப்புக்குப் பரவியிருக்கவில்லை. அந்த ஐந்து வருடமும் அந்தப் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்று தெரிந்திருந்ததால் கிடைத்த எண் அது.

இனி நம் காரைக்கால் கோவில்பத்துக்கு வருவோம். இங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குச் சுமார் 130 கிலோமீட்டர். அடையாறுக்கு ஏறக்குறைய 300. ரிவியூ தேதி ஐப்பசி அடைமழையில் விழும், அல்லது நடவு வேலைக்குக் கூப்பிடும் நாளில் விழும். துணைக்கு வரும் மகனுக்கு அன்றைய கூலி போகும். உடம்பு தேறியவர் "நல்லாத்தானே இருக்கேன்" என்று போகாமல் விடுகிறார். உடம்பு மோசமானவர் பஸ் ஏற முடியாமல் விடுகிறார். நேர்மாறான இந்த இரண்டு முடிவுகளும் மருத்துவமனை ஏட்டில் ஒரே மாதிரி, "வரவில்லை" என்றே பதிவாகின்றன.

இது சின்ன விஷயமில்லை. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2008-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. நோயாளிகளைத் தேடிப்போய் விசாரிக்காமல் கணக்குப் போட்டால், பிழைத்தவர்களின் விகிதம் உண்மையைவிட மிக அதிகமாகத் தெரியும் என்று அது காட்டியது. மரபணுக் கணக்கில் ஆபத்து இன்னும் கூடுதல். மரபணுக்கள் ஆயிரக்கணக்கில், ஆட்கள் சில பத்துப் பேர். அதில் நாலு பேர் காணாமல் போனாலே 7 மரபணுப் பட்டியல் வேறொன்றாகிவிடலாம். காணாமல் போகிறவர்கள் பெரும்பாலும் தூரத்து ஊர்க்காரர்களும் கையில் காசில்லாதவர்களுமாக இருந்தால், மருத்துவமனைக்குப் பக்கத்தில் வசதியோடு இருப்பவர்களின் கட்டியைத்தான் கணினி கற்றுக்கொள்ளும். நாளை அந்த மதிப்பெண்ணை வைத்து நம் ஊர்ப் பெண்ணுக்குக் "கரண்ட் மட்டும் போதும்" என்று சொன்னால், அதை எதை நம்பி ஏற்பது?

மைக்ரோஅரே பழசாகிவிட்டது, ஆர்.என்.ஏ. வரிசையையே நேரடியாகப் படிக்கும் கருவிகள் வந்துவிட்டன என்பவர்கள் உண்டு. உண்மைதான். அந்தக் கருவிகளுக்கும் அதே 36 மாதத்துப் பதில் வேண்டும்.

காரைக்காலிலேயே ஜிப்மரின் கிளை இருக்கிறது. வெளியூரில் சிகிச்சை முடித்தவர்களின் ரிவியூவை உள்ளூரிலேயே பார்த்து, முடிவை மூல மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு வர வேண்டும். அது வரும்வரை, வீட்டில் சிகிச்சை முடித்தவர் இருந்தால் ரிவியூ தேதியைத் தவற விடாதீர்கள். போன் நம்பர் மாறினால் மருத்துவமனையில் சொல்லிப் பதியுங்கள். அவர் இறந்துபோயிருந்தாலும், ஃபைல் நம்பரையும் இறந்த தேதியையும் ஒரு கார்டில் எழுதி மருத்துவமனைக்குப் போடுங்கள்.