டிராக் பந்தயத் தானுந்துகளில் பின்சக்கர டிரம் பிரேக்கு

டிராக் பந்தயம் என்பது இரு தானுந்துகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேரான தடத்தில் கால் மைல் (402 மீட்டர்) அல்லது அரைக்கால் மைல் (201 மீட்டர்) தொலைவை முதலில் கடக்கப் போட்டியிடும் பந்தயமாகும். இதில் பயன்படும் பழைய அமெரிக்கத் தானுந்துகள் பலவற்றில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கே பொருத்தப்பட்டிருந்தது. எஞ்சினின் திறனைக் கூட்டும்போது இந்தப் பிரேக்கையும் மேம்படுத்துவது இன்றியமையாததாகிறது.

அமைப்பும் செயற்பாடும்

சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் கிண்ணம் போன்ற டிரம்மின் உள்ளே வளைந்த இரண்டு பிரேக்கு ஷூக்கள் உள்ளன. மிதியை அழுத்தும்போது சக்கர சிலிண்டர் இவற்றை வெளிநோக்கித் தள்ளுகிறது. உராய்வினால் வேகம் குறைகிறது. சுழலும் டிரம் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்குவதால், குறைந்த விசையிலேயே மிகுந்த பிடி கிடைக்கிறது.

குறைபாடுகள்

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. 1500 கிலோகிராம் எடையுள்ள தானுந்து மணிக்கு 80 கிமீ வேகத்தில் ஏறத்தாழ 3.7 இலட்சம் ஜூல் ஆற்றலைக் கொண்டிருக்கும். 160 கிமீ வேகத்தில் இது 14.8 இலட்சம் ஜூலாக உயரும். இதன் பெரும்பகுதி பிரேக்குகளில் வெப்பமாக மாறுகிறது. மூடிய அமைப்பாகிய டிரம்மிலிருந்து வெப்பம் மெதுவாகவே வெளியேறும். சூடான டிரம் விரிந்து ஷூக்களிலிருந்து விலகுவதால் மிதி கூடுதலாகக் கீழிறங்கும், உராய்வும் குறையும்.

பிரேக்கு பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. அப்போது பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் தானுந்து பக்கவாட்டில் சுழன்றுவிடக்கூடும்.

மேம்படுத்தும் முறைகள்

டிரம்மை அப்படியே வைத்துக்கொண்டு, வெப்பம் தாங்கும் ஷூக்கள், புதிய சக்கர சிலிண்டர்கள், வெப்பத்தை வெளியேற்றும் துடுப்புகளுள்ள அலுமினிய டிரம்கள் ஆகியவற்றைப் பொருத்துவது எளிய முறையாகும்.

மற்றொரு முறை டிஸ்க் பிரேக்குக்கு மாற்றுவதாகும். 1987 முதல் 1993 வரையிலான ஃபோர்டு மஸ்டாங் ஜிடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் 9 அங்குல (229 மிமீ) டிரம் பிரேக்கும் இருந்தன. 1994 மஸ்டாங்கில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்கு வந்தது.

இம்மாற்றத்தின்போது பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்:

* டிஸ்க் பிரேக்கின் பிஸ்டனுக்குக் கூடுதல் பிரேக்கு எண்ணெய் தேவைப்படுவதால், அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டர் வேண்டும்.
* சில டிரம் அமைப்புகளில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 10 பவுண்டு அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். இதை நீக்காவிட்டால் டிஸ்க் பிரேக்கு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.
* முன், பின் பிரேக்கு அழுத்தங்களைச் சமன்செய்யும் வால்வை மீண்டும் சரிசெய்ய வேண்டும். டிராக் தானுந்துகளின் முன் டயர்கள் பெரும்பாலும் குறுகலானவை. ஆகவே சாலைத் தானுந்தின் அளவுகள் இதற்குப் பொருந்தா.

தொடர்புடைய கருவிகள்

பந்தயத்துக்கு முன் பின் டயர்களைச் சுழலவிட்டுச் சூடாக்குவது வழக்கம். அப்போது முன் பிரேக்கை மட்டும் பிடித்துவைக்கும் மின் வால்வு 'லைன் லாக்' எனப்படும். இது இல்லாதபோது பின் பிரேக்கும் உரசி, ஓட்டம் தொடங்குமுன்பே சூடேறிவிடுகிறது.

மிகுந்த வேகத்தில் பிரேக்கு மட்டும் போதாது. 1951இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கம், மணிக்கு 150 மைல் (241 கிமீ) வேகத்தை எட்டும் தானுந்துகளுக்கு வான்குடையைக் கட்டாயமாக்கியுள்ளது.