சேற்றில் ஒளிந்திருக்கும் நானோ

சேத்தியாத்தோப்பில், வெள்ளாற்றை ஒட்டிய நிலங்களில் போர் போடுவதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தண்ணீர் தேட வந்தவர்கள் முதலில் சேறு கரைப்பார்கள். பக்கத்தில் குழி வெட்டி, களியைக் கூழாக்கி, பம்ப் வைத்துத் துளைக்குள் அனுப்புவார்கள். அது அடிவரை போய், வெட்டிய மணலைச் சுமந்துகொண்டு மேலே வந்து, மறுபடி குழியிலேயே விழும்.

பாறை நிலத்தில் துளை தானாக நிற்கும். இங்கே அடியில் இருப்பதோ ஆறு கொட்டிவிட்டுப் போன மணலும் வண்டலும். வெறும் தண்ணீரை விட்டால் மணல் குடித்துவிடும்; துளையும் சரியும். சேறு மட்டும் எப்படித் தடுக்கிறது?

இதற்கென்றே விற்கும் பெண்டோனைட் களி, குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளமாகக் கிடைக்கிறது. இதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் அப்பளக்கட்டு மாதிரி. ஒவ்வொரு தகடும் சுமார் 1 நானோமீட்டர் தடிமன். நம் தலைமுடியின் பருமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். தகடுகளுக்கு நடுவே சோடியம் அயனிகள் இருப்பதால் தண்ணீர் புகுந்து அவற்றை விலக்கும். களி பல மடங்கு உப்பும். விருத்தாசலத்துப் பீங்கானுக்கு உதவும் வெள்ளைக்களி இதற்குப் பங்காளிதான். ஆனால் அதன் அடுக்குகள் இறுகப் பிடித்திருப்பதால் அது இப்படி உப்பாது. உப்புகிற களி காயும்போது சுருங்கி வெடிக்குமே, பீங்கானுக்கு ஆகுமா?

பிரிந்த தகடுகள் மணல் சுவரில் தோல்போலப் படிகின்றன. கசிவு நிற்கிறது; சேற்றின் எடை சுவரைத் தாங்குகிறது. பம்ப் ஓடும்போது இளகி ஓடும் சேறு, நின்றதும் தயிராக உறைந்து, வெட்டிய மணல் அடியில் இறங்காமல் பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய்க் கிணறுகளிலும் இதே வித்தைதான். ஆனால் ஷேல் என்ற களிப்பாறையின் நுண்துளைகள் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரைதான். பெண்டோனைட் தகடு மெலிந்ததென்றாலும் அகலம் நூற்றுக்கணக்கான நானோமீட்டர், அங்கே நுழையாது. 2009-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 20 நானோமீட்டர் சிலிக்கா துகள்களைக் கலந்து பார்த்தார்கள். ஷேலுக்குள் தண்ணீர் புகுவது வெகுவாகக் குறைந்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். துளையைக் காத்த அதே தோல், ஊற்றையும் அடைக்கும். கேசிங் பைப் இறக்கியதும், கம்ப்ரஸர் வைத்துக் கலங்கல் தெளியும்வரை கழுவச் சொல்லுங்கள். ரிக் கிளம்ப அவசரப்பட்டாலும் விடாதீர்கள். தண்ணீரே இல்லை என்று கைவிட்ட போரில், வழியை மறித்து நிற்பது ஒரு நானோமீட்டர் மண்ணாகவும் இருக்கலாம்.