இரண்டு மாத முன்பணம், மூன்று மாத பாக்கி

புதுதில்லி: மூன்று மாத வாடகை பாக்கி, உடைந்த குழாய்கள், கட்டாத மின்கட்டணம். இவற்றை விட்டுவிட்டுக் குடியிருந்தவர் இரவோடு இரவாகச் சென்றுவிட்டால், தலைநகரில் வீட்டு உரிமையாளருக்கு மிஞ்சுவது முன்பணம்தான். மாத வாடகை ரூ.3,500-ஐத் தாண்டிய வீடுகளை 1988-ம் ஆண்டுத் திருத்தம் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. ஆகவே மீதித் தொகைக்கு உரிமையியல் நீதிமன்றப் படியேற வேண்டும். வழக்குச் செலவே பாக்கியை விழுங்கிவிடும்.

2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், 60 நாள்களில் வழக்கை முடிக்க முயலும் தனி நீதிமன்றத்துக்கு வகை செய்கிறது. அதே சட்டம் வீடுகளுக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் அடக்குகிறது. குடியிருப்போருக்கு இது நியாயமே; பெங்களூரில் பத்து மாத முன்பணம் கேட்டுப் பழகியவர்களுக்குக் கசக்கும். உரிமையாளர்-வாடகைதாரர் உறவு மாநிலப் பட்டியலின் 18-வது இனத்தில் இருப்பதால், மாதிரியைச் சட்டமாக்குவது மாநிலங்களின் விருப்பம்.